குழி வெட்டாத சுரங்கம்

போர்னியோ தீவின் செலாயு மலைக்காட்டில் பொழுது விடிந்ததும் கறவைச் சிலந்திகள் மரமேறும். உள்ளங்கை அளவு இயந்திரங்கள். பட்டைக்குள் ஊசியை இறக்கி, பச்சை நிறப் பாலை உறிஞ்சிக்கொண்டு இறங்கி வரும். அந்தப் பாலில் நான்கில் ஒரு பங்கு நிக்கல். அடிவாரத்து ஊரில் யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. பசியாறிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

மண்ணிலிருக்கும் நிக்கலைக் குடித்து வளரும் மரம் அந்தக் காட்டில் எப்போதும் உண்டு, ஆனால் நூற்றில் ஒன்றுதான். தாவரவியலாளர் கோமளா அதன் வேருக்குள் ஒரு 'தாகமூட்டி'யைச் செலுத்தினார். அதற்குப் பிறகு அந்த மரங்கள் அடங்காத தாகத்தோடு உலோகத்தை உறிஞ்சின.

அம்மையார் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. மலைக்கடியில் நிக்கல் கிடப்பதை மோப்பம் பிடித்த சுரங்க நிறுவனத் தலைவர், 'டத்தோ' பட்டம் வாங்கிய அரிகிருஷ்ணன், நாற்பது ஏக்கரில் ஒரு குழி வெட்ட அனுமதி கேட்டு மாவட்ட மன்றத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"நிக்கல் இல்லாம பேட்டரி ஏது? பேட்டரி இல்லாம ஒரு மின்சாரக் காடி ஓடுமா? மூவாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும். நாப்பது ஏக்கர் போனா காடு என்ன அழுதுருமா?" என்றார்.

"காடு அழாது டத்தோ, நான் அழுவேன்" என்றார் கோமளா. "அந்த நாப்பது ஏக்கர்ல நிக்கிற அத்தி மரத்துலதான் இருவாச்சி குஞ்சு பொரிக்குது. அது எங்கே போகும்?"

டத்தோ சிரித்தார். பறவைக்காக அழுகிற ஆளை அவர் அன்றுதான் பார்த்தார்.

மன்றம் தீர்ப்புச் சொன்னது. குழி ஓராண்டில் தரக்கூடிய நிக்கலை அதே ஓராண்டில் மரங்களே தந்துவிட்டால் குழி கிடையாது. தராவிட்டால் மறுநாளே தோண்டலாம். கோமளாவுக்கு அந்த ஆண்டு முழுக்கத் தூக்கம் போனது.

நிறுவை நாளன்று சந்தைக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. தராசில் பாளம் பாளமாக நிக்கலை ஏற்றினார்கள். கடைசிப் பாளம் ஏறியும், மன்றம் குறித்த கோட்டை முள் தொடவில்லை. அப்போதுதான் மேற்குச் சரிவுச் சிலந்திகள் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தன. அவை கொண்டுவந்ததையும் உருக்கி வைத்தார்கள். முள் கோட்டைத் தாண்டி நின்றது.

"ஜெயிச்சாச்சு லா!" என்று கூடமே அதிர்ந்தது. கோமளாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் வாய்விட்டு அழுதார். எல்லோருக்கும் முந்தி வந்து கைகுலுக்கியவர் டத்தோதான்.

"தோத்துட்டேன் டாக்டர். மனசார ஒத்துக்கறேன். இனி செலாயுவுல ஒரு குழிகூட விழாது" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தோண்டும் இயந்திரங்களை விற்றார். குழி வெட்டாத சுரங்கத்தைப் பார்க்க உலகமே வந்தது. கோமளா பொன்னாடைகளும் விருதுகளுமாக நாடு நாடாகப் பறந்து, மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பினார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் காட்டுக்கு ஓடினார்.

அத்தி மரம் தரையில் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த மரங்களும் கிடந்தன. நடுவே டத்தோ தொப்பி போட்டுக்கொண்டு கன்று நட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ டத்தோ! காட்டையே வெட்டுறீங்களே!"

"எங்கே வெட்டினோம்? உங்க மரம் ஒண்ணுமேலகூடக் கை வைக்கலியே! பால் தராம சும்மா நிக்கிறதைத்தான் எடுக்கறோம். சுரங்கத்துல கழிவுக் கல்லை எடுத்துப் போட மாட்டோமா, அது மாதிரிதான். அந்த இடத்துல பூரா உங்க கன்னுதான் டாக்டர்!"

"எத்தனை ஏக்கர்?"

"முதல்ல பன்னிரண்டாயிரம்." டத்தோவின் முகம் பூரித்துப்போனது. "மூவாயிரம் பேர் என்ன, பத்தாயிரம் பேருக்கு வேலை! எல்லாம் உங்க புண்ணியம்."

கன்று நட வந்திருந்தவர்கள் கோமளாவைப் பார்த்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கோமளா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். வேறென்ன செய்வார்? பிறகு டத்தோவை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"டத்தோ... இதுக்குப் பதிலா அந்த நாப்பது ஏக்கர் குழி... அதை இப்ப வெட்ட முடியுமா?"

டத்தோ திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன டாக்டர் பேசறீங்க! காட்டுல போய்க் குழி வெட்டறதா? பறவைங்கல்லாம் எங்கே போகும்?"