பெருநாள் வரைக்கும் ஒரு மாத்திரை

வஹீபின் உள்ளங்காலில் மண் இருந்தது.

காலையில்தான் தெமியானா வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து அந்தக் கால்களைத் தேய்த்துக் கழுவி, விரலிடுக்கு விடாமல் துடைத்து, போர்வைக்குள் வைத்திருந்தாள். கடைக்குப் போய்த் திரும்பி, மத்தியானம் புரட்டிப் படுக்கவைக்க வந்தபோது போர்வை விலகிக் கிடந்தது. குதிகாலிலும் விரல்களின் அடியிலும் பழுப்பாய்ப் புழுதி. பெருவிரல் ஓரத்தில் ஒரு பருப்புத் தோல் ஒட்டியிருந்தது. அவள் அடுப்படியில் பருப்பு களைந்தபோது சிந்திய தோல். அடுப்படி வீட்டின் அந்தக் கோடியில் இருந்தது. வஹீபின் கால் தரையில் பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

மணல்காற்று அடிக்கிற பருவம்தான். ஷுப்ராப் பேட்டையில் எந்த வீட்டில் புழுதி இல்லை? ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பாலைவனம் இடுக்கு வழியே புகுந்து மேசையிலும் தட்டிலும் நாக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் காற்றில் வரும் புழுதி காலின் மேலேதானே விழும்? அடியில் எப்படி ஒட்டும்?

"நீ எழுந்திருச்சியா?" என்று கேட்டாள்.

வஹீப் கண்ணைத் திறந்தான். "ஆமா. எழுந்து ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்து படுத்தேன். கேக்கற கேள்வியைப் பாரு."

"கால்ல மண்ணு."

"எனக்கு அங்க கால் இருக்கறதே தெரியாது, தெமியானா. மண்ணு எங்கேர்ந்து தெரியும்?"

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படித் திருப்பிக்கொண்டதை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் வஹீப் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகுத்தண்டு நசுங்கியது. நெஞ்சுக்குக் கீழே எல்லாம் செத்துப்போனது. போன மாசி வாக்கில், ஆராய்ச்சி செய்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவனை எடுத்துக்கொண்டார்கள். ரமலான் விளக்குகள் தொங்கிய வார்டில் டாக்டர் ஹாத்தெம் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

"கருவுல இருக்கும்போது நரம்பை வளக்கிற மரபணுவெல்லாம் முழிச்சிருக்கும், மேடம். பெரியவங்களானதும் தூங்கிடும். நாங்க செஞ்சு தண்டுவடத்துல ஏத்தின புரதம் அதைத் தட்டி எழுப்பும். ஆனா மாத்திரை உள்ள இருந்தாத்தான் அந்தப் புரதம் வேலை செய்யும். மாத்திரைதான் சுவிட்ச். தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். பெருநாள் வரைக்கும் குடுங்க. அதோட நிறுத்திடுங்க."

அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அவன் எழுந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். இந்த வருடத் தவக்காலம் முழுக்க எண்ணெய்ப் பருப்பும் வேகவைத்த மொச்சையுமாக வாயைக் கட்டி அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஒரே ஒரு தடவை அவன் எழுந்து நின்று தன்னைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

இப்போது எழுந்துவிட்டு மறைக்கிறானோ?

இந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியவள் கீழ்வீட்டில் இருக்கும் அவனுடைய அக்கா அஃபாஃப். "என் தம்பியா? பள்ளிக்கூடம் போக பயந்துக்கிட்டு ஒரு வாரம் செவிடா நடிச்சவனாச்சே!" என்று போன வாரம் வயிறு குலுங்கச் சிரித்தாள். தெமியானாவும் கூடச் சிரித்தாள். மாடிப்படி ஏறும்போது சிரிப்பு நின்றுபோனது. கால் வந்துவிட்டது என்று தெரிந்தால் மறுபடி அந்தக் குழிக்குள் இறங்கச் சொல்வார்கள். படுத்திருந்தால் வேளைக்குச் சோறு, வேளைக்குக் குளியல். முதுகு ஒடிய ஒடியத் தூக்கிப் புரட்ட ஒருத்தி. அடப்பாவி, என் காதிலேயா பூ சுற்றுகிறாய்?

அதோடு அந்தக் கனவுக் கதை வேறு. யாரோ காலைப் பிடித்து வீடெல்லாம் இழுத்துக்கொண்டு போவதாகக் கனவு வருகிறதாம், மாத்திரை ஆரம்பித்த பிறகு தூங்கும்போதெல்லாம் வருகிறதாம். இரண்டு முறை சொன்னான். அதையும் நடிப்பின் கணக்கில்தான் அவள் சேர்த்துவைத்திருந்தாள்.

அன்று பெரிய வெள்ளி. மாத்திரை கொடுத்து, அவன் கண் சொக்கும்வரை காத்திருந்து, முக்காட்டு ஊசியைக் கழற்றி அவன் உள்ளங்காலில் மெல்லக் குத்தினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்தது.

ஊசியைத் திருப்பி எடுக்கப் போனாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். கால்விரல்கள் ஐந்தும் மடங்கி ஊசியைப் பற்றியிருந்தன.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். முக்காட்டில் திரும்பக் குத்தும்போது ஊசி இரண்டு தடவை நழுவியது. பயத்தால் இல்லை, கோபத்தால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன்!" என்று கூடத்திலிருந்து உரக்கச் சொன்னாள். வாசற்கதவைத் திறந்து, சத்தம் வர அறைந்து சாத்தினாள். வெளியே போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தி நின்றாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடவேண்டும்.

கட்டடமே காலியாக இருந்தது. அஃபாஃப் காலையிலேயே கோயிலுக்குப் போயாகிவிட்டது. வெளியே காற்று ஜன்னல் கதவுகளைப் பிடித்து உலுக்கியது. பட்டப்பகலிலேயே வானம் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்து, அந்த வெளிச்சம் இடுக்குகள் வழியே கீற்றுக் கீற்றாக விழுந்தது. ஊறவைத்த மொச்சையின் வாடையும் வினிகரின் புளிப்பும் புழுதியின் காய்ந்த நெடியும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. இருமல் வந்தது. முக்காட்டு நுனியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு தரையில் ஒரு பாதம். தப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தப். அதற்குப் பின்னால் எதையோ இழுத்துவருகிற சத்தம்.

பிடிபட்டாயா! சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாய் நெஞ்சில் முட்டின. நடக்கிறான். கடவுளே, நடக்கிறான். இத்தனை நாள் ஏமாற்றினானே. போனை எடுத்து டாக்டர் ஹாத்தெமை அழைத்தாள்.

"டாக்டர், அவன் நடக்கறான்," என்றாள் கிசுகிசுப்பாக. "எல்லாரையும் முட்டாளாக்கிட்டு வீடு பூரா நடந்துக்கிட்டிருக்கான்."

"இருக்காது, மேடம். பெருநாளுக்கு முன்னாடி எடுத்த படத்துல பார்த்தேனே. மூளையிலேர்ந்து வர்ற நரம்பு காயத்தைத் தாண்டவே இல்ல. அவர் நினைச்சாலும் நடக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினதும் வளர்ச்சியும்..."

"எங்க நிறுத்தினேன்? இன்னிக்குக்கூடக் குடுத்தேனே."

"இன்னிக்கா? பெருநாள் வரைக்கும்னுதானே சொன்னேன்?"

"பெருநாள் நாளை மறுநாள்தானே, டாக்டர்."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"மேடம்," என்றார், "பெருநாள் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவர் சொன்னது நோன்புப் பெருநாள். அவளுக்குப் பெருநாள் என்றால் ஈஸ்டர். ஒரே தெருவில் முஸ்லிம் வீட்டுக்காரர்களும் கிறிஸ்தவ வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லும் அதே சொல். அந்தச் சொல்லை நம்பி மூன்று வாரம் கூடுதலாக அவள் கையாலேயே ஊட்டியிருக்கிறாள். 

"காயத்துக்குக் கீழயும் தண்டுவடம் இருக்கு," டாக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. "நடக்கற பழக்கம் அதுக்குள்ளயே இருக்கு. மேல போக வழியில்லாம நரம்பெல்லாம் கீழயே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டா... மேடம், அவர் முழிச்சிருக்காரா?"

தப். தப்.

கூடத்தில்.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். புழுதி படிந்த தரையெல்லாம் பாதச் சுவடுகள். சுவர் வரைக்கும் போய், முட்டி, திரும்பி, அடுத்த சுவர் வரைக்கும். கண் தெரியாதவன் வழி தேடுகிற மாதிரி. சுவடுகளுக்குப் பின்னால் இரண்டு கோடுகள். கைவிரல்கள் கீறிய கோடுகள்.

"தெமியானா."

அவன் குரல். கீழேயிருந்து வந்தது. மிகவும் கீழேயிருந்து.

"தெமியானா, நீ இருக்கியா? நான் இல்ல. நடக்கறது நான் இல்ல."

அடுப்படிக் கதவு தள்ளப்பட்டது.

முதலில் கால்கள் வந்தன. நேராக, உறுதியாக, முழங்கால் விறைத்து. மற்ற வஹீப் பின்னால் வளைந்து தொங்கினான். கைகள் நிலைச்சட்டத்தைப் பற்றி இழுத்துப் பிடித்தன. நகங்களில் ரத்தம். தலை பின்னால் சரிந்து தரைக்கு ஒரு சாண் மேலே ஆடியது. கண்கள் அகலத் திறந்திருந்தன. கண்ணீர் நெற்றி வழியாக முடிக்குள் ஓடியது.

"பிடிச்சுக்கோ. என்னால இதை நிறுத்த முடியல."

கை நழுவியது.

அவள் ஓடவில்லை. ஓட நினைத்தாள், ஆனாலும் ஓடவில்லை. அது அவள் வஹீப். போன் கீழே விழுந்தது. பாய்ந்து அவன் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். அவன் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. நின்றார்கள். அவன் நின்றான். குழந்தை மாதிரி விம்மினான்.

"விடாதே," என்றான் அவள் காதில்.

"விடமாட்டேன்."

கால்கள் நின்றுவிட்டன. காற்றும் கொஞ்சம் அடங்கியது. கீழே கிடந்த போனில் டாக்டர் மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

அப்போது அவள் வெறுங்காலின் மேல் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்க்க இடமில்லை. அவன் கால்விரல்கள். மெதுவாக. தடவி. அவள் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து.

வஹீப் அழுகையை நிறுத்தியிருந்தான். "என்ன ஆச்சு? ஏன் நடுங்கறே?" என்றான். அவனுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை.

விரல்கள் மடங்கின. பற்றின.

காலை இழுத்தாள்.

வரவில்லை.