நண்பர் வீட்டு நாய்

சனிக்கிழமை, காலை ஏழு மணி. அண்ணன் குடும்பத்தோடு வசிக்கும் தம்பி, வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் மீன் அறையின் பூட்டைத் திறந்தார். உள்ளே தொட்டிகளில் காற்றுக் குமிழி விடும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. நிம்மதியாக விளக்கைப் போட்டார்.

நான்கு தொட்டிகளிலும் மீன்கள் மல்லாந்து கிடந்தன. குஞ்சாக இருந்தபோதிலிருந்து அவர் கையாலேயே தீனி போட்டு வளர்த்த டிஸ்கஸ் மீன்கள். ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது. அது பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியில் முட்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது.

அவர் போட்ட கூச்சலில் வீடே திரண்டது. அவருடைய அண்ணன் வந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் தெருவே அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பின்னாலேயே அவர் மனைவி. கடைசியாக, தலைகூட வாராமல், அவர்கள் மகனைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம் ஆன மருமகள். மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான்.

மாமியார் மீனைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"இந்த அறைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு ஊருக்குப் போயிருந்த இவர்கிட்ட. இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் அத்தை. என் ஆமை உள்ள இருக்கே, அதுக்குத் தண்ணி மாத்தணுமே."

"நேத்து காலைல என்ன சொன்ன? 'இந்த மீனெல்லாம் ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு சொன்னியா இல்லியா?"

சொன்னது உண்மை. மீன் அறை அவளுடைய அறையை ஒட்டினாற்போல இருந்தது. வாடை தாங்காமல் ஏதோ கோபத்தில் சொன்ன வார்த்தை. இப்போது அது தூக்குக் கயிறாக வந்து நின்றது. "மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று அவள் மாமனாரைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் போனை எடுத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டு, உங்கள் பெண் செய்திருக்கிற காரியத்தை வந்து பாருங்கள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்.

தம்பிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று மீனோடு மீனாக இருந்துவிட்ட மனிதர் அவர். இந்தப் பெண் நல்லவள் என்று நம்பவும் ஆசை, அழிந்துபோனதற்கு யாரையாவது பிடித்து உலுக்கவும் ஆசை. அவரும் போனை எடுத்தார்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. பூட்டின அறையில, மூடி போட்ட தொட்டியில இருக்கிற மீன் எப்படிச் சாகும்?"

அவர் கூப்பிட்டது டெலிபோன் டாக்டரை. கால்நடை மருத்துவமனையில் தினமும் காலையில் ஆலோசனைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள். நாய் காதைச் சொறிகிறதா? எண்ணெய் ஊற்றாதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா? தண்ணீரில் காற்று போதவில்லை, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள். ஆமை சாப்பிடவில்லையா? வெயில் படும் இடத்தில் வையுங்கள். இப்படியே அவர் தலை நரைத்துவிட்டது.

அந்த நாற்காலி அவருக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது. வாயில்லாத பிராணியின் வியாதியைக் கண்டுபிடிப்பது சுலபம். வாயுள்ள மனிதரிடமிருந்து உண்மையை வாங்குவதுதான் கஷ்டம். 'துளியூண்டு கேக் கொடுத்தேன்' என்றால் நாய் முழுக் கேக்கையும் தின்றிருக்கிறது என்று அர்த்தம். சொல்ல வெட்கமான வியாதி எதுவாக இருந்தாலும் அது சொந்த நாய்க்கு வரவே வராது, நண்பர் வீட்டு நாய்க்குத்தான் வரும். ஊரில் சொறி பிடித்த நாய் வைத்திருப்பவர்கள் எல்லோருமே யாரோ ஒருவருக்கு நண்பர்கள்.

மணி ஒன்பது. போனில் கேட்டால் போதாது, நேரில் பார்க்கிறேன் என்று கிளம்பி வந்த டாக்டர் படியேறும்போதே வாசலில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் மருமகள். அழுது முடித்துவிட்ட முகம்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் வீட்டு நாய் ஓடி வந்து இடித்தது. பெயர் குண்டன், பெயருக்குப் பழுதில்லாத உடம்பு. டாக்டர் பழக்க தோஷத்தில் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். ஏதோ உருண்டையாகத் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தார். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி. காலெல்லாம் மடங்கிச் செத்திருந்தது.

"உண்ணி இருக்கே சார்?"

"நம்ம நாய்க்கா?" ஹெட்மாஸ்டர் வேகமாகத் தலையை ஆட்டினார். "சான்சே இல்ல டாக்டர். தெருவுல எங்கியாவது ஒட்டியிருக்கும். நாங்க எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்னு தெருவுக்கே தெரியும். சரிதானே?"

பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் நகத்தையும் கழுத்து அழுக்கையும் பார்த்தே காலத்தைக் கழித்தவர் அவர். டாக்டர் உண்ணியைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

மீன் அறை. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. நான்கு தொட்டிகளுக்கும் கண்ணாடி மூடி. மூலையில் அகலமான டப்பில் மருமகளின் ஆமை, கழுத்தை நீட்டி வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. அலமாரியில் ஒரு ஜாடியில் ஒற்றை ஃபைட்டர் மீன், வாலை விசிறிக்கொண்டு ஜம்மென்று சுற்றி வந்தது.

"இது ரெண்டும் மட்டும் எப்படித் தப்பிச்சுது?" என்றார் டாக்டர்.

"அதைத்தானே நானும் கேக்கறேன்" என்றார் மாமியார். "அவ ஆமைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாத்தீங்களா?"

டாக்டர் தம்பியிடம் திரும்பினார். "கரண்ட் போச்சா?"

"இல்ல டாக்டர். நான் வரும்போது குமிழி வந்துக்கிட்டுதான் இருந்துது."

"கடைசி மீன் எப்படிச் செத்துது? மேல வந்து வாயைப் பிளந்துச்சா?"

"இல்ல. பம்பரம் மாதிரி சுத்துச்சு. வெட்டி வெட்டி இழுத்துச்சு."

"அப்போ மூச்சு முட்டிச் சாகல. விஷம், நரம்பைத் தாக்குற விஷம்."

எல்லோரும் தொட்டிகளைப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் 'நான் சொல்லல?' என்பது போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நேத்து இந்த அறைக்கு யார் வந்தது?"

"நான்தான்" என்றாள் மருமகள். "சாயங்காலம் ஆமைக்குத் தண்ணி மாத்தினேன். ஃபைட்டர் ஜாடிக்கும் மாத்தினேன். மீனுக்கெல்லாம் தீனி போட்டேன். அப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்துது."

"தண்ணி எங்கேருந்து?"

"இந்த டிரம்லேருந்து. சின்ன மாமா எல்லாத்துக்கும் இதைத்தான் ஊத்தச் சொல்லியிருக்காங்க. நேத்து தொட்டிகளுக்கும் இதுலேருந்துதான் கொஞ்சம் ஊத்தினேன்."

"தீனி?"

"ஒரே டப்பா. ஃபைட்டரும் அதைத்தான் தின்னுச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே தண்ணீர் பட்ட ஆமை நன்றாக இருக்கிறது. அதே தீனி தின்ற மீன் நன்றாக இருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீரும் தீனியும் தவிர வேறு என்ன போகும்? அவர் கண் தொட்டியின் மூடியிலிருந்த ஓட்டையில் நுழையும் மெல்லிய ரப்பர் குழாயில் நின்றது. நான்கு தொட்டிகளிலிருந்தும் நான்கு குழாய்கள். ஆமை டப்பில் குழாய் இல்லை, ஆமை தானே தலையை நீட்டி மூச்சு விடும். ஃபைட்டர் ஜாடியிலும் இல்லை, அதுவும் மேலே வந்து வெளிக்காற்றை விழுங்குகிற ஜாதி.

"ஏர் பம்ப் எங்க? அறைக்குள்ள காணோமே?"

"அதுவா?" என்றார் தம்பி. "கொர்ருன்னு சத்தம் போடும். பக்கத்து அறையில புதுசா வந்த பொண்ணு தூங்க வேணாமா? அதான் சுவத்துல ஓட்டை போட்டு பின்பக்க நடையில வச்சுட்டேன்."

டாக்டர் எழுந்து பின்பக்கம் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். பின்பக்க நடை குறுகலானது. இரண்டு பக்கமும் கதவு, ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் குண்டனின் சாக்கு. சாக்கை ஒட்டினாற்போல ஏர் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டர் மண்டியிட்டுச் சாக்கை உதறினார். செத்த உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சாக்கில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

அந்த வாடை அவருக்குத் தெரியும். அதைவிட மோசமான இன்னொன்றும் அந்த நிமிடம் தெரிந்தது. வியாழக்கிழமை வந்த ஒரு போன். கணீரென்ற, வாக்கியத்துக்கு வாக்கியம் 'சரிதானே' என்று முடிக்கும் ஆண் குரல். டாக்டரின் முகம் சுண்டிப்போனது. சாக்கைக் கீழே விட்டுவிட்டு எழுந்தார்.

"சார்" என்றார், மெதுவாக. "வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணி, நண்பர் ஒருத்தரோட நாய்க்கு உண்ணி, என்ன ஸ்ப்ரே அடிக்கலாம்னு கேட்டது நீங்கதானே?"

ஹெட்மாஸ்டர் உதறிய சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"நீங்க எந்த நண்பரைச் சொல்றீங்க?" என்றார் மாமியார், ஒன்றும் புரியாமல்.

"நண்பரெல்லாம் கிடையாதும்மா. அது குண்டன்தான். நேத்து சாயங்காலம் சார் இங்க வச்சு நாய்க்கு ஸ்ப்ரே அடிச்சிருக்கார். அந்த மருந்து நாய்க்கு ஒண்ணும் செய்யாது. மீனுக்கு எமன். இந்த பம்ப், தான் இருக்கிற இடத்துக் காத்தை உறிஞ்சித்தான் தொட்டிக்குள்ள விடும். அறையைப் பூட்டியாச்சு, தொட்டியை மூடியாச்சு, ஆனா மீன் மூச்சு விட்டது இந்த நடையில. குழாய் போன தொட்டியில எல்லாம் செத்துது. குழாய் போகாததெல்லாம் பொழைச்சுது."

டாக்டர் ஹெட்மாஸ்டரிடம் திரும்பினார். "வெட்டவெளியில வச்சு அடிக்கச் சொன்னேனே சார்."

"பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துட்டா?" ஹெட்மாஸ்டரின் குரல் பாதியாகியிருந்தது. "என் வீட்டு நாய்க்கு உண்ணின்னு... அதான் ரெண்டு கதவையும் சாத்திட்டு அடிச்சேன்."

"தப்பு உங்களோடது மட்டும் இல்ல" என்றார் டாக்டர். அவர் இப்போது யாரையும் பார்க்கவில்லை. "யார் மருந்து கேட்டாலும், வீட்ல வேற என்ன வளக்கிறீங்கன்னு நான் கேக்கணும். மீன் இருக்குன்னு சொல்லியிருந்தா இந்த மருந்தையே சொல்லியிருக்க மாட்டேன். உங்களைக் கேக்கல. நண்பர் வீட்டு நாய்னு நீங்க சொன்னது பொய்யுன்னு எனக்கு அப்பவே தெரியும். 'உங்க வீட்ல'ன்னு ஆரம்பிச்சா உங்க மானம் போயிடுமேன்னு நாசூக்கா விட்டுட்டேன். வந்த பொண்ணு தலையில இது விழுந்துடுச்சு. எனக்கு வெக்கமா இருக்கு."

தம்பி சுவரில் சாய்ந்துகொண்டார். மாமியாருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மருமகள் மட்டும் ஓரடி முன்னால் வந்தாள். "மாமா. உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"தெரியாதும்மா... சத்தியமா முதல்ல தெரியாது."

"எப்போ சந்தேகம் வந்துச்சு?"

அவர் கண் பம்ப்புக்குப் போனது. "காலைல" என்றார். "தம்பி கத்தினதும் ஓடி வந்து மீனைப் பாத்தேன். பம்ப் ஓடுற சத்தம் கேட்டுச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. ஒருவேளை இதா இருக்குமோன்னு."

"அத்தை என்னைக் கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் தலையை ஆட்டினாள். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அப்பா" என்றாள் அவள்.

டாக்டர் வாசலை நோக்கித் திரும்பினார். "நான் எடுத்துச் சொல்றேன்."

"வேணாம் டாக்டர்." ஹெட்மாஸ்டர் அவரைத் தாண்டி நடந்தார். "இதையாவது நான் சொல்றேன்."

செருப்புகூடப் போடாமல் வாசலுக்குப் போனார். என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது என்று அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் கோத்துப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ பிள்ளைகளை நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னவருக்கு அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே சம்பந்தி நின்றார். கசங்கிய சட்டை, போன் வந்ததும் அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். கையில் தண்ணீர் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள், வழியில் ஏதோ ஒரு கடையில் வாங்கிய நாலைந்து சின்னத் தங்கமீன்கள்.

ஹெட்மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். பையோடு சேர்த்தே இரண்டு கைகளையும் கூப்பினார்.

"சம்பந்தி, இது ஈடாகாதுன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு பண்ணது பெரிய தப்பு. தாயில்லாத பொண்ணு, வளக்கத் தெரியாம வளத்துட்டேன். மன்னிச்சுடுங்க. அவளை மட்டும் அனுப்பிடாதீங்க."

ஹெட்மாஸ்டர் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். அவை பிரியவில்லை. "அவ எதுவும் பண்ணல" என்றார். மறுபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "உங்க பொண்ணு எதுவும் பண்ணல. நான் பண்ணேன். பண்ணினது நான்தான்னு தோணின பிறகும் அவளைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

சம்பந்திக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கூப்பிய கை கூப்பியபடி இருந்தது. பெரிய மனிதர் பெருந்தன்மைக்காக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

மருமகள் பெட்டியைத் தாண்டி வந்து, இருவருக்கும் நடுவில் நின்று, அப்பாவின் விரல்களிலிருந்து மீன் பையை வாங்கிக்கொண்டாள்.

"கையை இறக்குங்கப்பா" என்றாள். "அவர் உண்மையைத்தான் சொல்றார்."