செல்லூரில் இன்னொரு கருப்பு காலி!

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் முத்துக்கருப்பு அப்போதுதான் கபசுரக் குடிநீரை வாயில் ஊற்றியிருந்தார். கொரோனா இரண்டாம் அலையில் மதுரையே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம். துப்புவதா, விழுங்குவதா என்று யோசித்தார். மனைவி அழகம்மாள் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றதால் விழுங்கினார்.

"யாரு?"

"சார், நான் சத்யப்ரியா. சாவுக் கணக்கு."

"என்னது?"

"கொரோனாவுல எந்த ஏரியாவுல சாவு கூடுது, எங்க குறையுதுன்னு வாரா வாரம் கிராஃப் போடுற கம்பெனி சார். செல்லூர்ல ஒருத்தன் வரிசையா ஆளுகளக் காலி பண்றான். உடனே வாங்க."

"கொலையா? பாடி எங்கம்மா கெடக்கு?"

"சுவத்துல இருக்கு சார்."

லைன் கட்டானது.

சுவரிலா...?

முத்துக்கருப்பு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஜீப்பை விரட்டினார்.

செல்லூரில் ஒரு தறிச் சத்தம் கூட இல்லை. ஊரடங்கு. சந்து முனையில் ஸ்கூட்டி மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் சத்யப்ரியா. ஆனையூர்க்காரி. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டிருந்தாள். அதற்கும் மேலே இரண்டு கண்கள் படபடத்தன.

"அந்தா பாருங்க சார்."

பார்த்தார்.

சுவரில் ஒரு போஸ்டர். கண்ணீர் அஞ்சலி! முறுக்கு மீசையோடு ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில், 'சேவல்' கருப்பு.

முத்துக்கருப்புக்கு மண்டை சூடானது.

"ஏம்மா, போஸ்டரப் பாத்தா நீ சாவை எண்ணுற?"

"ஆஸ்பத்திரியில ஒரு கணக்குச் சொல்றாங்க. சுடுகாட்டுல வேற கணக்குச் சொல்றாங்க. நான் எதை சார் நம்புறது? நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்டாம எவனாச்சும் செத்திருக்கானா, நீங்களே சொல்லுங்க."

முத்துக்கருப்பு யோசித்தார். பிறந்து வளர்ந்தது எல்லாம் மதுரை. அவருடைய பெரியப்பாவுக்கு டாக்டர் கையை விரிப்பதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

"நியாயந்தான்" என்றார்.

"தினம் ஆள் விட்டுப் போட்டோ எடுத்து எண்ணுறோம். இங்க பாருங்க. பழங்காநத்தத்துல சாவு குறையுது. ஆனையூர்லயும் குறையுது. செல்லூர்ல மட்டும் எம்புட்டு ஏறுதுன்னு பாருங்க."

திரையில் செல்லூர்க் கோடு நட்டுக்குத்தலாக ஏறிக்கொண்டிருந்தது.

"கொரோனாதானம்மா?"

"செத்தவங்க பேரைப் படிங்க சார்."

படித்தார்.

'சேவல்' கருப்பு.

'பால்கோவா' கருப்பு.

'புல்லட்' கருப்பு.

'வெள்ளை' கருப்பு...

"கூடுற சாவு அம்புட்டும் கருப்பு சார். மத்த பேர்க்காரங்க வழக்கம்போலத்தான் சாகுறாங்க. கொரோனாவுக்குப் பேர் பாக்கத் தெரியாது. மனுசனுக்குத்தான் தெரியும்."

முத்துக்கருப்பின் கை தானாகப் போய்ச் சட்டையில் குத்தியிருந்த பேர் பட்டையை மூடிக்கொண்டது.

பயம்! சுத்தமான பயம்!

ரவுடிகளுக்கு அவர் பயந்தது கிடையாது. ஆனால் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் போன மாதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து, சாவு என்று யார் சொன்னாலும் உடனே போய்க் கை கழுவினார். கிருமி என்றால் மாஸ்க் போடலாம். பேருக்கு எதைப் போடுவது? பெற்றவர்கள் ஒரு சூரியபிரகாஷ் என்று வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

"சார், வேர்க்குது உங்களுக்கு."

"வெயில்மா. மேல சொல்லு."

"சாவு போஸ்டர்னா கீழ மாமன், மச்சான், பேரன், பேத்தின்னு அம்புட்டுப் பேர் மூஞ்சியும் இருக்கும்ல? இதுல எதுலயும் சொந்தக்காரன் ஒருத்தன் இல்ல. இவண், பொதுமக்கள். அம்புட்டுத்தான். கொன்னவனே அடிச்சு ஒட்டுறான் சார்."

"எங்க அடிக்கிறான்?"

போஸ்டரின் மூலையில் எறும்பு சைஸில் ஒரு வரி இருந்தது. நுஸைபா கிராஃபிக்ஸ், செல்லூர்.

அடுத்த தெருதான்!

பாதி இறக்கிய ஷட்டர். உள்ளே வெளிச்சம். இருவரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

உள்ளே ஒரு குரல் கேட்டது.

"ஆடாதீங்கண்ணே. ஒரே வெட்டு, முடிஞ்சுரும்."

சத்யப்ரியா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார்... அடுத்த கருப்பு."

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் உள்ளே கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பவனும் ஒரு கருப்பு. நாளைக்கு நமக்கு என்றால் யார் வருவார்கள்?

குனிந்து பாய்ந்தார்.

பாதி உடம்பு உள்ளே போனது. தொப்பை போகவில்லை. சட்டம் ஷட்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சத்யப்ரியா பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள்.

"கத்திரியக் கீழ போடுடா!"

கத்திரி விழுந்தது.

கடைக்காரன் அசாருதீன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள். பாதி மீசை இருந்தது. பாதியைக் காணோம்.

ஷட்டருக்குள் தலையை விட்ட சத்யப்ரியா வீறிட்டாள்.

"சார்... இந்தாளு செத்தவரு. சேவல் கருப்பு."

"என்னம்மா சொல்ற?"

கிட்டே போய் அந்த ஆளின் மூஞ்சியைக் கையால் பாதி மறைத்துப் பார்த்தாள். பிறகு மற்றப் பாதியை மறைத்துப் பார்த்தாள்.

"புல்லட்டும் இவருதான். பால்கோவாவும் இவருதான். அம்புட்டுக் கருப்பும் இவரு ஒருத்தர்தான் சார்."

முத்துக்கருப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"யார்ரா நீ?"

"கருப்பு சார். தறி ஓட்டுறேன். தப்பா எதுவும் பண்ணல. செத்தேன், அம்புட்டுத்தான்."

"எதுக்குடா செத்த?"

"செத்துட்டான்னு பேச்சுக் கெளம்புனா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்கல்ல சார். வாயால சொன்னாலே கூடுதுன்னா, சுவத்துல ஒட்டுனா எம்புட்டுக் கூடும்? எனக்குக் கொரோனான்னா ரொம்பப் பயம் சார்."

"அதுக்கு எதுக்கு வேற வேற பேரு, வேற வேற மீசை?"

"ஒரே ஆளு ரெண்டாவது தடவை செத்தா ஊரு நம்பாதுல்ல. நம்பலேன்னா ஆயுசு கூடாது."

அசாருதீன் மெல்ல வாயைத் திறந்தான்.

"நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் சார். கேக்கல. சேவல் கருப்புக்குத் துக்கம் விசாரிக்கக் கூட ஆள் வந்தாங்களாம்."

"வந்தாங்க சார்" என்றான் கருப்பு. "மாஸ்க் போட்டிருந்தேனா, யாருக்கும் அடையாளம் தெரியல. நானே கூட உக்காந்து அழுதேன்."

சத்யப்ரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கிராஃப் போச்சு சார். இதை நம்பி, செல்லூரைத் தகரம் வச்சு அடைக்கச் சொல்லி லெட்டர் ரெடி பண்ணிட்டேன்."

"அடைச்சிருந்தா நாங்க நெசமாவே செத்திருப்போம்மா" என்றான் அசாருதீன்.

முத்துக்கருப்பு லத்தியை ஓங்கினார்.

"உள்ள வச்சு நொங்கெடுத்துருவேன் படவா."

"அடிங்க சார்" என்றான் கருப்பு. "ஆனா ஒண்ணு. ஊரே இருமிச் சாகுது. எனக்கு இதுவரைக்கும் ஒரு தும்மல் வரல."

லத்தி அந்தரத்தில் நின்றது.

நின்றது... நின்றது... மெதுவாகக் கீழே இறங்கியது.

முத்துக்கருப்பு அசாருதீனின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி... விசாரணைக்காகத்தான் கேக்குறேன். யூனிஃபார்ம் போட்ட போட்டோன்னா பலிக்குமா?"

அசாருதீன் தலையைச் சொறிந்தான்.

"சார்... உங்களுக்கு அடிச்சு ரெடியா இருக்கே."

தோளில் கிடந்த கை சட்டென்று விலகியது!

காகிதக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவினான். மற்ற போஸ்டர்களைவிட இரண்டு மடங்கு பெரியது. அதில் தொப்பியோடு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார் முத்துக்கருப்பு.

'மாஸ்க் போடாதோரின் எமனே... எமனிடமே சென்றாயோ!'

"எவன்டா ஆர்டர் குடுத்தது?"

"உங்க வீட்டம்மாதான் சார். ரேஷன் கடையில இந்தக் கருப்பண்ணன் வீட்டுக்காரம்மா போஸ்டர் விஷயத்தைச் சொல்லிருக்காங்க. நேத்து ஓடி வந்தாங்க. எம் புருசன் தெனம் நடுரோட்டுல நிக்கிறாரு, போறவன் வாறவன் எல்லாம் அவரு மூஞ்சியிலதான் இருமுறான், எனக்கு அவரு முழுசா வேணும், பெருசா அடின்னு ஒரே அழுகை."

முத்துக்கருப்பு போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவணுக்கு நேரே ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அழகம்மாள். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவர் வாங்கியது எல்லாம் திட்டுதான். இருந்தாலும் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மாஸ்க் நனைந்தது.

"எப்பத் தம்பி ஒட்டுற?"

"பசை காய்ச்சியாச்சு சார்."

சத்யப்ரியா எழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"சார், உங்களை இந்த வாரக் கணக்குலயே சேத்துரட்டுமா?"