மண்கும்பானில் ஒதுங்கிய முதலாளி

டெலிபோன் அலறியது!

நெடுந்தீவில் தன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த தயானி ஓடிப்போய் எடுத்தாள்.

"றஜீவனின்ரை மனுசியோ கதைக்கிறது?"

"ஓம்... ஆர் நீங்கள்?"

"பொலிஸ். இன்ஸ்பெக்டர் அப்புத்துரை. பிள்ளை... மண்கும்பான் கரையிலை ஒரு சடலம் ஒதுங்கிக் கிடக்கு. நீலச் சேட்டு. கழுத்திலை அந்தோனியார் படம் போட்ட சங்கிலி..."



அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிப்போனது.

றஜீவன்! வயது முப்பத்தினாலு. மீன்பிடிக்கிற யாக்கோப்புவின் ஒரே மகன். 'நீரோட்டம்' என்ற மென்பொருள் கம்பனியின் முதலாளி.

முதலாளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று கொம்பியூட்டர், இரண்டு மேசை, சுற்றினால் சுற்றும் ஒரு ஃபான். ஆனால் அவனும் தயானியும் சேர்ந்து செய்த புரோகிராம் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் நின்ற வள்ளம் எங்கே மிதந்து போகும், அறுந்த வலை எங்கிருந்து வந்தது... காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துப் புட்டுப் புட்டு வைக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இலவசம்!

இலவசம் என்றால் கொழும்புக்காரனுக்குப் பொறுக்குமா? ஒரு பெரிய கம்பனி அதை முழுதாக விழுங்க வந்தது. முந்தாநாள் அதன் ஆட்கள் நெடுந்தீவுக்கே வந்துவிட்டார்கள். அவர்களை வழியனுப்ப இறங்குதுறைக்குப் போன றஜீவன் திரும்பவில்லை. அவர்களோடு யாழ்ப்பாணம் போயிருப்பான் என்றுதான் தயானி நினைத்தாள். முதல் நாள் கோபப்பட்டாள். மறுநாள் பயந்தாள்.

மூன்றாம் நாள்... டெலிபோன்!

தலையில் அடி என்றது பிரேதப் பரிசோதனை. விழுந்த அடியா, விழுத்திய அடியா என்று சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, கொழும்புக் கம்பனியின் சதீசன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பின்னாலேயே அப்புத்துரை. சந்தேகம் சதீசன்மேல்தான்; அவனை விட்டுப் பிடிப்பதாக அவர் எண்ணம்.

"ஆழ்ந்த அனுதாபம், அக்கா."

"அனுதாபம் உந்த ஃபைலுக்குள்ளையோ கிடக்கு?"

சதீசன் நெளிந்தான்.

"அண்ணையின்ரை பங்கு இப்ப உங்களுக்குத்தானே... ஒரு கையெழுத்து..."

"அவர் விக்கமாட்டன் எண்டவுடனை கடலிலை தள்ளி விழுத்தினனீங்கள்! என்னையும் விழுத்த வந்தனீரோ?"

"ஐயோ அக்கா! அண்ணை எங்கட வள்ளத்திலை ஏறவேயில்லை! துறையிலை வைச்சு இந்தக் கடிதத்தைத் தந்திட்டுத் திரும்பிட்டார்!"

கடிதத்தை நீட்டினான். றஜீவனின் கையெழுத்தேதான்.

'இது கடலுக்குப் போகிறவர்களின் சொத்து. விற்பதற்கில்லை.'

"உவன் நல்லாத்தான் கதை விடுறான்," என்றார் அப்புத்துரை. "வேறை சாட்சி இருக்கோ தம்பி?"

"கடல் இருக்கு," என்றாள் தயானி.

மடிக்கணினியைத் திறந்தாள். மண்கும்பான். சடலம் கண்ட நேரம். தென்மேற்கிலிருந்து விடாமல் அடித்த சோளகக் காற்று. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு விசையைத் தட்டினாள்.

மண்கும்பானிலிருந்து ஒரு சிவப்புக் கோடு பின்னோக்கிப் புறப்பட்டது. புங்குடுதீவின் தெற்கால் இறங்கியது. சதீசன் போன வள்ளப் பாதையைத் தொடவில்லை. நெடுந்தீவுக்குக் கிழக்கே ஒரு புள்ளியில் போய் நின்றது.

அங்கே விரிக்கிற வலை ஒவ்வொன்றும் ஆளின் பேரோடு புரோகிராமில் பதிந்திருக்கும்.

அந்தப் புள்ளியிலும் ஒரு பேர் இருந்தது.

யாக்கோப்பு!

தயானி முற்றத்துப் பக்கம் திரும்பினாள்.

"மாமா!"

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த யாக்கோப்பு எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கடல் தெரியும்.

"என்ரை வலை..." என்றார்.

"அவர் உங்களோடையோ வந்தவர், மாமா?"

கிழவர் நிலத்தில் குந்திவிட்டார்.

"எங்கட பட்டியிலை மாடு வித்தால், கயித்தை ரெண்டு கையாலையும் பிடிச்சுக் குடுக்கிறது. அதோடை வியாபாரம் முடிஞ்சுது. அவன் துறையிலை உந்தக் காச்சட்டைக்காரனுக்கு ரெண்டு கையாலையும் கடதாசியைக் குடுத்தவன், பிள்ளை! என்ரை கண்ணாலை கண்டனான். வித்துப்போட்டான் எண்டு..."

"மாமா... அது விக்கமாட்டன் எண்டு எழுதின கடிதம்!"

கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வலை இழுக்க வாடா எண்டு கூட்டிக்கொண்டு போனனான். கடலிலை வைச்சு ஏசினனான். 'அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ' எண்டவன்... கேக்கேல்லை. தள்ளிப்போட்டன். வள்ளத்து விளிம்பிலை தலை அடிச்சு... பொழுது படுமட்டும் சுத்திச் சுத்தித் தேடினனான், பிள்ளை!"

"ஏன் மாமா வந்து சொல்லேல்லை?"

"நீ சோத்தைப் போட்டு வைச்சுக்கொண்டு இருந்தனி. 'அவர் நாளைக்கு வந்திடுவார், நீங்கள் சாப்பிடுங்கோ மாமா' எண்டனி. அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

தயானி அவரை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவர் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

"வாங்கோ அண்ணை, போவம்," என்றார் அப்புத்துரை. விலங்கை வெளியே எடுக்கவில்லை.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. படலையடியில் சதீசன் மட்டும் நின்றான். செருமினான்.

"அக்கா... நேரம் சரியில்லைத்தான். ஆனா உந்தப் புரோகிராம் இவ்வளவு துல்லியமாச் சொல்லுமெண்டு எங்கட மேலிடத்துக்குத் தெரியாது. இப்ப கேள்விப்பட்டினமெண்டால்... விலை இரட்டிப்பாகும்!"

தயானி முகத்தைத் துடைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேள்விப்படட்டும் தம்பி. ஆனா இன்னொருக்காச் செய்து காட்டச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லும்... இந்த வீட்டிலை ஆக்கள் முடிஞ்சுது!"