பதினேழாம் எண் ஆடு

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவன் நம்மிடம் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் நம் நாயின் கழுத்தைப் பார்க்கிறான். பட்டையில் பச்சை எரிந்தால், வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவனே முடிவுசெய்து உட்கார்ந்துவிடுகிறான். எழுபத்தைந்து வயதில் நான் ஒருவன் எதிரே நிற்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் முட்டிவலியைச் சொல்லியிருப்பேன்.

கடலோரத்தில் கூடாரம் அடிக்க விடுகிற கரைத் தங்கல் வாசலிலும் அன்றைக்கு அப்படித்தான். தானோட்டி வண்டி எங்களை இறக்கிவிட்டுப் போனது. மகன் நிதின், மருமகள் தாரணி, ஒன்பது வயதுப் பேத்தி யாழி, நான், அப்புறம் பொரி. பொரி என்பது யாழி வளர்க்கும் வெள்ளைக் கிடாய். வாசலில் நின்ற அலுவலர், மெர்லின் என்று பெயர், எங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டை ஐந்து நிமிஷம் பார்த்தாள். பயந்தால் சிவக்கும் உணர்பட்டையை அதன் கழுத்தில் மாட்டினாள். பதினேழாம் எண். மாட்டிய உடனே பட்டை சிவந்தது.

"என்னக்கா, வரும்போதே பயந்துட்டு வருது?"

"அது கடலுக்குப் பயப்படல மேடம். எங்க மாமாவுக்கு" என்றாள் தாரணி. "மாமா, கொஞ்சம் தள்ளிப் போங்க."

முப்பது அடி தள்ளிப் போனேன். பட்டை பச்சையானது. மெர்லின் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏரலில் நாற்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவன் நான். பொரி வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஒரு நாள்கூட என் பக்கத்தில் வந்ததில்லை. நான் கூடத்துக்குள் நுழைந்தால் அது அடுப்படிக்குப் போய்விடும். எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையில் அதற்கு என்னவோ தெரிகிறது. அந்த ஆட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

கரையில் இப்போது யாரும் குடியிருப்பதில்லை. காற்றும் மழையும் இல்லாமல் திடீரென்று ஏறி வருகிற கடலை மீன்பிடிக்கிறவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். முன்பு முழங்கால் அளவுக்கு வந்துபோகும். இப்போது வந்தால் பனைமரத்தில் பாதி. கடலில் மிதக்கவிட்ட கருவிகளெல்லாம் ஐந்து முறை ஏமாந்தன. அந்த ஐந்து முறையும் நாய்களும் மாடுகளும் மட்டும் முன்கூட்டியே ஓடியிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் கரையைக் கவனிக்கும் வாரியம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கரையில் மூன்று நாள் கூடாரம் அடிக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு ஒரு பிராணி கூட வரவேண்டும். எல்லாப் பட்டைகளும் வாசலில் இருக்கும் அச்சப்பலகைக்குப் பேசும். விழித்திருக்கும் பிராணிகளில் பாதி பயந்தால் சங்கு ஊதும், எல்லாரும் ஏறுமேடைக்கு ஓடவேண்டும். தூங்குகிறவை கணக்கில் கிடையாது. நாய் கனவில் பூனையைத் துரத்தியதற்கெல்லாம் ஆரம்பத்தில் சங்கு ஊதியதாம்.

சங்கு ஊதிக் கடல் வரவில்லையென்றால், முதலில் எந்தப் பிராணி சிவந்ததோ அந்தக் குடும்பத்துக்கு ஐந்து வருஷம் கரையில் அனுமதியில்லை. இந்தச் சட்டத்தைக் கேட்டபோதே எனக்கு உறுத்தியது. பயந்தவனைத் தண்டித்தால் அப்புறம் எவன் பயத்தை வெளியே சொல்வான்?

நாற்பத்து மூன்று குடும்பங்கள் அன்று. நாய்தான் அதிகம். பூனை, கிளி, ஒரு வீட்டில் முயல். எனக்குத் தனியாகச் சின்னக் கூடாரம், ஆட்டிலிருந்து முப்பது அடி தள்ளி. "நீங்கதான் எங்க குடும்பத்துக் கள்ளக்கடல்" என்று நிதின் சொன்னான். அவனுக்கு அது பெரிய வேடிக்கை. மத்தியானம் எல்லாரும் மீன் சுட்டார்கள். பட்டை இல்லாத தெருநாய்கள் நாலைந்து சவுக்குத் தோப்பிலிருந்து வந்து, எறிந்த தலைகளுக்குச் சண்டை போட்டன. அவற்றை யாரும் எண்ணவில்லை. அவை எந்தக் குடும்பத்தையும் சேர்ந்தவையல்ல.

நாலரை மணிக்குத் தேநீர் வாங்க மருமகளின் கூடாரத்துக்குப் போனேன். வாசலில் பொரி படுத்திருந்தது. எழுந்து ஓடும் என்று நின்றேன். ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அது தலையைத் தூக்கி, என் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மூன்று வருஷத்தில் முதல் தடவை. வேறொருவனாக இருந்தால் மனம் இளகியிருக்கும். நான் அதன் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன். தொங்கியது. கண்ணிமையைத் தூக்கினேன். படலம். சந்தையிலிருந்து லாரியில் ஏற்றும்போது கத்தாமல் இருக்க மருந்து போட்டுக் கொண்டுவரும் வியாபாரிகளை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆட்டை என் கடையில் ஏற்றியதில்லை.

"தாரணி, இதுக்கு என்னம்மா குடுத்தீய?"

"ஒண்ணும் குடுக்கலியே."

"நான் நாப்பது வருஷம் ஆட்டு வாயைப் பாத்தவன்."

அவள் கூடாரத் துணியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள். "அமைதிச் சொட்டு மாமா. ரெண்டே ரெண்டு. நீங்க பாட்டுக்குப் பக்கத்துல வருவீங்க, அது செவக்கும், அதப் பாத்து மத்ததும் மெரண்டு சங்கு ஊதிட்டா அஞ்சு வருஷம் போச்சு. யாழி எத்தனை மாசமா நாள் எண்ணிட்டு இருந்தா தெரியும்லா."

"கடல் வந்தா?"

"மத்த நாப்பத்திரண்டும் முழிச்சுத்தானே இருக்கு."

அவள் சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமானது. எழுந்து கூடாரம் கூடாரமாக நடந்தேன். முதல் கூடாரத்தில் நாய் மல்லாந்து கிடந்தது. "நல்லா ஓடி விளையாடிச்சு பெரியவரே, அசந்துட்டு." அடுத்ததிலும் அப்படித்தான் அசந்திருந்தது. அதற்கடுத்ததில் பூனை. கிளி கம்பியில் உட்கார முடியாமல் கூண்டின் தரையில் இருந்தது. கேட்டால், "வெயில்லா" என்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று குடும்பம் இருக்கிற இடத்தில் ஒரு குரைப்பு கிடையாது. மத்தவன் நாய் முழித்திருக்கும் என்று ஒவ்வொருவனும் தன் நாயைத் தூங்கவைத்திருந்தான்.

சவுக்கோரம் மீன் தலைகள் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. தெருநாய்களைக் காணவில்லை.

வாசலுக்குப் போனேன். மெர்லின் பலகைக்குக் கீழே நாற்காலியில் இருந்தாள். பலகை பச்சை.

"எம்மா, முழிச்சிருக்கது எத்தனைன்னு இதுல தெரியுமா?"

"அதெல்லாம் பலகை பாத்துக்கிடும் தாத்தா."

"எல்லாத்துக்கும் சொட்டு குடுத்திருக்கானுவ."

அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பழையபடி ஆனது. "பச்சையா இருக்கும்போது நான் சங்கை ஊதினா என் வேலை போயிரும். நீங்க போய் டீ குடிங்க."

திரும்பி வந்தேன். பொரியின் பட்டையைக் கழற்றினேன். அது கழுத்தைக்கூட அசைக்கவில்லை. கடைசி ஓட்டையில் போட்டால் என் கழுத்துக்குச் சேர்ந்தது.

"அப்பா, என்ன செய்றீய? நாலு பேரு பாக்காவ" என்று நிதின் ஓடிவந்தான்.

பட்டை சிவக்கவில்லை. மஞ்சளில் நின்றது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் இருந்திருக்கும். கோபத்தை அந்தக் கருவி எண்ணுவதில்லை. அவமானமாக இருந்தது. கிடாயின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கிழவன் நிற்கிறான், கருவியும் அவனை மதிக்கவில்லை.

"யாழி எங்கலே?"

"அந்தா, சிப்பி பொறுக்குதா."

பார்த்தேன். மத்தியானம் தண்ணீர் நின்ற இடத்தில் அவள் குனிந்திருந்தாள். அவளுக்கு அந்தப்பக்கம் ஈர மணல் நீளமாகக் கிடந்தது. கடல் எங்கேயோ தள்ளி இருந்தது. அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இன்னும் உள்ளே நடந்தாள்.

கழுத்தில் பட்டை சுட்டது. சங்கு ஊதியது. அங்கே விழித்திருந்த ஒரே பிராணி நான்தான். பாதிக்கு நான் போதும்.

நிதின் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் பொரியைத் தோளில் போட்டேன், அந்தக் காலத்தில் போடுவதுபோல. மேடைப் படியில் ஒரே திட்டு. "எந்தச் சனியன்லே செவந்தது?" என்று ஒருவன் கேட்டான், அவன் தோளில் அவன் நாய் மூட்டைமாதிரி தொங்கியது. எல்லார் தோளிலும் அப்படித்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் திட்டு நின்றுவிட்டது. கூட்டத்தின் நெரிசலில் பட்டையைக் கழற்றி ஆட்டுக்கே மாட்டினேன்.

கடல் வந்தது. சத்தம் அதிகமில்லை. கூடாரங்களை ஒவ்வொன்றாக எடுத்தது, அடுப்பை எடுத்தது, செருப்புகளை மொத்தமாக எடுத்தது. ஆட்கள் எல்லாரும் மேலே இருந்தோம். ஒரு முயல் கூண்டு மட்டும் கீழே மறந்துபோயிருந்தது. அந்த வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் மெர்லின் ஒலிபெருக்கியில் பேசினாள். பதினேழாம் எண் ஆடு நாற்பத்து மூன்று குடும்பங்களைக் காப்பாற்றியது என்றாள். கைதட்டினார்கள். தூங்குகிற ஆட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாழி மட்டும் என் கழுத்தில் இருந்த பட்டைத் தடத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் தாரணி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மெர்லின் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தாத்தா, ஆட்டுக்கு உடம்புச் சூடு முப்பத்தொம்பது இருக்கணும். பதினேழுல முப்பத்தாறே முக்காதான் பதிவாயிருக்கு."

"பின்னே எழுத வேண்டியதுதானே."

"எழுதினா எல்லாரும் சொட்டு குடுத்தது வெளிய வரும். தங்கலையே மூடிருவாங்க. இங்க வேலை பாக்குற நாங்க அம்பது பேரு எங்க போறது?" குரலைத் தாழ்த்தினாள். "ஆடுன்னே இருக்கட்டும். பலகை சரியா வேலை செஞ்சுதுன்னு முடிச்சுக்கிடுவோம்."

"அடுத்த வாரம் வாரவனும் சொட்டோடதான் வருவான். அப்போ யார் கழுத்துல மாட்டுவீய?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "நீங்களே வாங்களேன். பிராணி கணக்குல பதிஞ்சிடுதேன். சாப்பாடு, இடம் எல்லாம் வாரியமே தரும். நீங்க சும்மா முழிச்சிருந்தாப் போதும்."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு கத்தல். பொரி விழித்துவிட்டது. கால்கள் தள்ளாட எழுந்து, என்னைப் பார்த்து, கட்டியிருந்த கயிற்றை அறுக்கிறமாதிரி இழுத்தது. பட்டை சிவப்பு. எழுந்தது அது ஒன்றுதான் என்பதால் மறுபடி சங்கு. மேடையில் இருந்தவர்கள் எழுந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். குழந்தைகள் அழுதன. எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். மெர்லினும் பலகையைத்தான் பார்த்தாள். கடலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஆட்டின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் யாரும் பார்க்கவில்லை.

"அது என்னைப் பாத்துப் பயப்படுது, அவ்வளவுதான்" என்றேன்.

யாருக்கும் கேட்டிருக்காது. மேடையின் பின்பக்கப் படியில் இறங்கி, செம்மணல் மேடான தேரியை நோக்கி நடந்தேன். பத்து அடி. இருபது. முப்பது அடியில் நின்று திரும்பினேன். சிவப்புதான் இருந்தது. இன்னும் பத்து அடி நடந்தேன். பட்டை பச்சையானது.

சங்கு நின்றது. மேடையில் பெருமூச்சும் சிரிப்பும் கேட்டன. ஒவ்வொருவராகச் செருப்புத் தேடிக் கீழே இறங்கினார்கள். யாழியும் நிதினின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏலே நிதின், அவளை மேல ஏத்து" என்று கத்தினேன்.

"பச்சைதான்ப்பா, வாங்க" என்று கையைக் காட்டினான்.

அவன் காட்டியது பலகையை. நான் நின்ற இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு தெரிந்தது. தெருநாய்கள் இன்னும் திரும்பவில்லை. மறுபடி இரண்டு முறை கத்தினேன். பிறகு முகத்தைத் தேரிப் பக்கம் திருப்பி நடந்தேன். நான் போனால் யாழி பின்னால் வருவாள், அவள் வந்தால் அவர்களும் வருவார்கள் என்று ஒரு கணக்கு. செம்மணலில் கால் புதைந்தது. "தாத்தா, நில்லுங்க" என்று சின்னக்குரல் கேட்டது. நான் நிற்கவில்லை. பச்சையை நான் நம்பவில்லை.