மெத்தையின் எடை

மெத்தையைச் சுருட்டி மொட்டைமாடிக்குத் தூக்கியபோது தளவாயின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துறைமுகத்தில் உர மூட்டை சுமக்கிற தோள் அது. எடை விஷயத்தில் பொய் சொல்லாது. கடையிலிருந்து தலையில் வைத்து வந்த அன்றைக்கு இந்த இலவம்பஞ்சு மெத்தை பூமாதிரி இருந்தது. இன்றைக்கு அரை மூட்டை தேறும்.

"உப்புக்காத்துல பஞ்சு ஈரம் குடிச்சிருக்கு," என்றான் மனைவி சந்தனச்செல்வியிடம். "நல்லா வெயில் காஞ்சா சரியாப் போவும்."

கடலோரத்தில் எல்லாரும் சொல்லுகிற சமாதானம்தான்.

இரவெல்லாம் சுமந்துவிட்டுப் பகலில் உறங்குகிற பிழைப்பு. பாயில் படுத்தால் முதுகு எரியும், கண் மூடாது. உறக்கம் கெட்டுக் கால் தடுமாறியவனை மேஸ்திரி மறுபடி கப்பலடியில் சேர்க்கமாட்டார். அதனால்தான் சந்தனச்செல்வி அன்றைக்கு அவனை மெத்தைக் கடைக்கு இழுத்துப்போனாள். ஃபோம் சூடேறியது. தேங்காய்நார் பலகையாய்க் கிடந்தது. ஸ்பிரிங் மெத்தை புரளும்போதெல்லாம் முனகியது.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இவுக இவ்வளவு யோசிக்கல," என்றாள் கடைக்காரர் ராஜதுரையிடம்.

"யோசிச்சிருந்தா நீ ஏதுளா," என்றான் தளவாய்.

ராஜதுரை சிரித்துக்கொண்டே மூலையில் சாய்த்திருந்த இலவம்பஞ்சு மெத்தையை விரித்தார். "இதுல சாஞ்சு பாருங்க அண்ணாச்சி."

சாய்ந்தவன் கடையிலேயே உறங்கிப்போனான்.

அன்றுமுதல் இரவில் அவள் படுப்பாள். விடிந்ததும் அவள் எழுந்த குழியில், அவள் விட்டுப்போன சூட்டில், தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனையில் அவன் விழுவான். கிணற்றில் போட்ட கல்லாய் உறங்குவான். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. மேஸ்திரியே, "ஏலே, இளவட்டமாயிட்டியே," என்றார்.

மொட்டைமாடியில் மெத்தை காய்ந்தது. எடை குறையவில்லை, ஏறியது. உச்சிவெயிலில் கிடந்தும் அந்தக் குழி நிமிரவில்லை. முழங்காலை மடக்கி ஒருக்களித்த பெண்ணின் அளவு. தொட்டால் நடுவில் மட்டும் வெயிலின் சூடில்லை, உடம்பின் சூடு.

செல்வியின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ரவிக்கை தொளதொளத்தது. நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. தளவாய் பார்த்தான். ஏனென்று கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் அவள் எழவில்லை.

"என்னங்க. எந்திரிக்க முடியல. கீழ பிடிச்சு இழுக்கு."

அவளைத் தூக்கினான். தோளுக்குத் தெரிந்துவிட்டது. வெறும் சாக்கு. பாயில் கிடத்தினான். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து நெம்பினான். அசையவில்லை.

தீப்பெட்டியை எடுத்தான். குச்சியை உரசினான். எரிந்தது.

இன்றிரவு கப்பல் வருகிறது. கண்கள் செருகின. முதுகில் பழைய எரிச்சல் ஊர்ந்தது.

குச்சி விரலைச் சுட்டது. அணைத்தான்.

"அதுல படுக்காதீய," என்றாள் அவள். குரலிலும் எடையில்லை.

"செத்த நேரம் கண்ணசந்துக்கிடுதேன்ளா. பெறவு ஆசுபத்திரிக்குப் போவோம்."

படுத்தான். மின்விசிறி சுழன்றது. அந்தக் காற்றில் செல்வி பாயைவிட்டு நகர்ந்தாள். சேலை சரசரத்தது. சிமெண்டுத் தரையில் மெல்ல, மெல்ல, திறந்த வாசலைப் பார்த்து. அவளுடைய விரல்கள் தரையைப் பிறாண்டின.

விசிறியை நிறுத்தலாம். நிறுத்தினால் உறக்கம் வராது.

கண்ணை மூடினான். அவனுக்கு அடியில், மெத்தைக்குள், யாரோ இடம் விட்டு ஒருக்களித்துப் படுத்தார்கள்.