பதினெட்டு நாள் ஈரம்

அழைப்பு மணி மூன்று தடவை அடித்தது. டிரைவர் ஓடிப்போய்க் கதவைத் திறப்பதற்குள் வந்தவர் பொறுமை இழந்து நாலு படி கீழே இறங்கிவிட்டிருந்தார்.

"அக்கா இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காங்க, ஏறி வாங்க. சனிக்கிழமையும் அதுவுமா எங்கே போயிடப் போறாங்க?"

வந்தவர் செருப்பைக் கழற்றினார். அதிலிருந்து ஈரமான செம்மண் கட்டியாக உதிர்ந்து வாசலில் விழுந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். பார்த்ததை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

இந்த டிரைவருக்கு வயது ஐம்பது. நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் தன் அக்காவுக்கு உதவியாளர், அதாவது அப்படி அவரே சொல்லிக்கொள்கிறார். அக்கா முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, எது தானாகப் பிடித்த தீ, எது வைத்த தீ என்று பிரித்துச் சொன்னவர். வேலையை விட்டு வந்த பிறகும் ஊருக்கு அவர் இன்சூரன்ஸ் அக்காதான்.

வந்தவரையும் ஊருக்கே தெரியும். அளவுக்காரர். நாற்பது நாளுக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. மின்சாரக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி முதல் நாள் "வெறும் நீராவிதான்" என்றார். நாலாவது நாள், நீராவி மட்டும் இல்லை என்றார். அன்றிலிருந்து அவர் பெயரே நீராவி ஆகிவிட்டது. கம்பெனி சொல்வதை நம்புகிறவர் ஊரில் ஒருவரும் இல்லை. அந்தக் கம்பெனிக்காகத் தினமும் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கதிர்வீச்சை அளந்து, வாசல் பலகையில் எழுதிப் போடுகிறவர்தான் அளவுக்காரர்.

"உட்காருங்க," என்றார் அக்கா.

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினார்.

"என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போய் அஞ்சு நாள் ஆச்சுக்கா. பொண்ணையும் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அதே பள்ளிக்கூடத்துல டீச்சர் அவ. மருந்துக்கடைக்காரர் மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாவைச் சேர்த்து ஒரு கருவி வாங்கினாரு. அதை வெச்சு ஊஞ்சல் பக்கத்துல இவ அளந்தா. மணிக்குப் புள்ளி நாப்பத்தொன்பது மைக்ரோசீவர்ட். நான் அன்னைக்கு எழுதினது புள்ளி பதினாறு. ஒரே மைதானம். இருபது தப்படி கூட இருக்காது."

"கருவி சரியா?"

"ரெண்டும் சரிக்கா. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்குது. நாளைக்கு மதியம் கூட்டம். அவ அளவை எடுத்துக்கிட்டா திறக்க முடியாது. என் அளவுல நான் கையெழுத்துப் போட்டா விபத்தன்னைக்கு மூடின பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கும். போட்டா என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. நான் ஒரு நாள் கூடப் பொய் எழுதலை. அதை அவளுக்கு நிரூபிச்சுக் கொடுங்க."

"நோட்டை வெச்சுட்டுப் போங்க," என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் டிரைவர் நோட்டைப் புரட்டிவிட்டார். தேதி, நேரம், அளவு, நிலம், கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். முதல் பத்தொன்பது நாளும் அளவு புள்ளி ஐம்பதை ஒட்டியே இருந்தது. 'நிலம்' என்ற கட்டத்தில் மழை நாளில் ஈரம், மற்ற நாளில் உலர்ந்தது. பிறகு மூன்று நாள் 'தலைமை அலுவலகத்தில் பயிற்சி' என்று வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு நாள் புள்ளி பதினாறு, பதினேழு. அந்தப் பதினெட்டு நாளும் ஈரம்.

"அக்கா, ஆள் மாட்டிக்கிட்டான்," என்றார் டிரைவர். "என் பஸ்ஸுல வைப்பர் ரிப்பேர் ஆகி மூணு வாரம் ஆச்சு. டெப்போவுல கேட்டா, மழை வரட்டும் பார்க்கலாம்கிறான். மூணு வாரமா ஒரு துளி விழலை. இவரு பாட்டுக்கு ஈரம் ஈரம்னு எழுதியிருக்காரு. வீட்டுல உட்கார்ந்து எழுதுற கதை இது."

"ம்."

"இன்னொண்ணு. செருப்புல செம்மண். பள்ளிக்கூட மைதானம் பூரா சாம்பல் கலர் மணல். நாம படிச்ச இடம்தானே, முட்டி தேயாத நாள் உண்டா? செம்மண் ஆத்தோரம் செங்கல் சூளையிலதான் இருக்கு. இவரு எங்கேயோ போய் அளந்துட்டு, பள்ளிக்கூடம்னு எழுதுறாரு."

"முதல்ல வீட்டுல உட்கார்ந்து எழுதுறார்னே. இப்ப சூளைக்குப் போறார்ங்கிறே. ஒரு இடத்துல நிக்க விடுடா அவரை," என்றார் அக்கா குடையை எடுத்துக்கொண்டே. "டீச்சரைப் பார்த்துட்டு வரலாம், வா."

டீச்சர் அண்ணன் வீட்டுச் சமையலறையில் குழந்தையின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதையே திரும்பவும் போட்டாள். அண்ணி வந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள்.

"மத்த வீட்டுல கம்பெனி பொய் சொல்லுதுன்னா டிவியை நிறுத்திடலாம்," என்றாள் டீச்சர். "எங்க வீட்டுல அது பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுதுக்கா. நான் எங்க வேணா அளக்கலாமாம், அவர் அளக்கிற கம்பத்தைச் சுத்தியிருக்கிற வேலிக்குள்ள மட்டும் கூடாதாம். அந்தச் சாவி அவர்கிட்ட மட்டும்தான். சரி, நீங்க வெளியே வந்து அளந்து காட்டுங்கன்னேன். உத்தரவு இல்லைன்னாரு. இருபது தப்படி நடக்கிறதுக்கு ஒரு மனுஷனுக்கு உத்தரவு வேணுமா?"

"பொய் சொல்ற பழக்கம் உண்டா அவருக்கு?"

டீச்சர் இஸ்திரிப் பெட்டியையே பார்த்தாள். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தப்ப, தனக்குக் குறட்டை வரும்னு எல்லார் முன்னாடியும் சொன்ன ஆளு அவரு. அதனாலதான் இப்ப தாங்க முடியலை."

பள்ளிக்கூடக் கட்டடம் பூட்டிக் கிடந்தது, வெளிவாசல் மட்டும் திறந்திருந்தது. மதில் ஓரத்தில் பூந்தொட்டிகளில் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. வாசலுக்குள் நுழைந்ததும் வலது மூலையில் கம்பி வேலி. நாலு பேருந்து நிறுத்தலாம், அவ்வளவு இடம். நடுவில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம், அதன் மேல் கருவி வைக்கும் தட்டு. சுற்றிலும் புல், முடிவெட்டிக்கொண்ட மாதிரி ஒரே உயரத்தில், பச்சைப்பசேலென்று.

"பார்க்கவே குளுகுளுன்னு இருக்கு," என்றார் டிரைவர். "இங்கே அளந்தா குறைவாத்தான் வரும் போல."

அக்கா குடையின் முனையை வேலிக்குள் விட்டு மண்ணில் ஒரு குத்துக் குத்தினார். வெளியே இழுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தம்பி, கொஞ்ச நாள் முன்னாடி பஸ்ஸைச் சுத்தி ஓட்ட வேண்டியிருக்குன்னு புலம்பினியே. இந்தத் தெருதானே?"

"ஆமா. கம்பெனிக்காரன் கேபிள் வேலைன்னு மூணு நாள் தெருவை அடைச்சுட்டான். மார்க்கெட்டைச் சுத்திப் போனதுல ஒரு டிரிப்புக்கு இருபது நிமிஷம் தாமதம். மெமோ வாங்கினதுதான் மிச்சம்."

"அந்த மெமோவுல தேதி இருக்குமே. நாளைக்கு எடுத்துட்டு வா. உன் செம்மண் கதையையும் நல்லா ஒத்திகை பார்த்துட்டு வா. கூட்டத்துல நீதான் முதல்ல பேசணும்."

அன்று மாலை முழுவதும் டிரைவர் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் பள்ளியின் பெரிய ஹாலில் எள் போட இடமில்லை. இருந்த பெஞ்சுகள் குழந்தைகள் அளவுக்குச் செய்தவை. பெரியவர்கள் உட்கார்வதும், கால் வலித்து எழுவதும், மறுபடி உட்கார்வதுமாக இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நீராவி தன் பேனாவின் தலையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அந்த டக் டக் சத்தம் எல்லார் நரம்பிலும் ஏறியது. அவர் முன்னால் ஒரு காகிதம். அதன் பக்கத்தில் அளவுக்காரர், அக்கா காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்ட நோட்டு அவர் பைக்குள். மூன்றாவது வரிசையில் டீச்சர், மடியில் ஆறு வயது மகள்.

"கையெழுத்துக்கு முன்னாடி என் தம்பி ஒண்ணு சொல்லணுமாம்," என்றார் அக்கா.

டிரைவர் எழுந்தார். மழையில்லாத மூன்று வாரத்தைச் சொன்னார். பதினெட்டு நாள் ஈரத்தைச் சொன்னார். செருப்பைச் சொன்னார். கூட்டம் கொதித்தது. "வீட்டுல உட்கார்ந்து எழுதியிருக்கான்," என்றார் மருந்துக்கடைக்காரர். அளவுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனிந்து மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள்.

"தம்பி பார்த்தது எல்லாம் சரி," என்றார் அக்கா. "ஒண்ணு விடாம பார்த்திருக்கான். முடிவுதான் தப்பு."

டிரைவர் உட்காரப் போனவர் பாதியில் நின்றார்.

"நான் நூத்துக்கணக்கான பொய்க் கணக்கு பார்த்தவ. பொய் எழுதுறவன் முதல்ல வானத்தைப் பார்ப்பான். வெயில் அடிச்சா உலர்ந்ததுன்னுதான் எழுதுவான், ஏன்னா அதுதான் பார்க்கிறவங்களுக்கு உறுத்தாது. வெயில்ல ஈரம்னு எழுதுறவன் ரெண்டே பேரு. ஒண்ணு முட்டாள். இல்லைன்னா, கீழே குனிஞ்சு பார்த்து, இருந்ததை எழுதினவன். அந்தக் கட்டத்தை யாரும் படிக்கிறதில்லை. அதுல கூட இவரு ஒரு நாள் தப்பலை."

"பனி ஈரமா இருக்கலாமே," என்றார் நீராவி.

"பனி வேலி பார்த்துப் பெய்யுமா சார்? வெளியே தொட்டிச் செடியெல்லாம் குச்சியா நிக்குது. வேலிக்குள்ள மட்டும் ஈரம், ஏன்னா அங்கே தினம் விடியறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துறாங்க. புதுப் புல்லு, ஊத்தலைன்னா காய்ஞ்சுடும்." அக்கா கைக்குட்டையை விரித்து மேசை மேல் வைத்தார். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கறை. "இது நேத்து அந்தப் புல்லுக்கு அடியில இருந்து வந்தது. அளவுக்காரர் செங்கல் சூளைக்குப் போகலை. செம்மண்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கு."

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கைக்குட்டையை எட்டிப் பார்த்தார்கள்.

"நாப்பது நாள்ல நடுவுல மூணு நாள் இவருக்குப் பயிற்சி. அதுக்கு முன்னாடி புள்ளி ஐம்பது, அதுக்கப்புறம் புள்ளி பதினாறு. அதே மூணு நாள் இந்தத் தெருவுல கேபிள் வேலை. தம்பி, அந்த மெமோவைக் காட்டு."

டிரைவர் தன் மெமோவை, வாங்கிய பதக்கத்தைக் காட்டுவது போல, நாலு பக்கமும் காட்டினார்.

"கதிர்வீச்சுத் தூசி படிஞ்ச பழைய மேல்மண்ணை வழிச்சு எடுத்திருக்காங்க. வெளியூர்ச் செம்மண்ணைக் கொட்டி, மேல புல்லு பதிச்சிருக்காங்க. முழு மைதானத்துக்கும் செய்ய ரொம்பச் செலவாகும். கம்பத்தைச் சுத்தி மட்டும் செஞ்சா போதும், ஏன்னா அளக்கிறது அங்கே மட்டும்தான். இவரு எழுதின நம்பர் ஒவ்வொண்ணும் நிஜம். இடம்தான் பொய்."

"அழகுக்காகப் புல்லு வெச்சோம்," என்றார் நீராவி. "அது ஒரு குத்தமா? நீங்க வாங்கின விளையாட்டுச் சாமானை நம்பி..."

"அது வேணாம்," என்றார் அக்கா. "உங்க கருவிதான். உங்க ஆளுதான். இருபது தப்படி நடக்கட்டும், போதும்."

"அதுக்கு உத்தரவு இல்லை."

எல்லாரும் அளவுக்காரரைப் பார்த்தார்கள். அவர் டீச்சரைப் பார்த்தார்.

"புல்லைப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "பயிற்சி முடிஞ்சு வந்த முதல் நாளே பார்த்தேன். நம்பர் குறைஞ்சிருந்துச்சு. சந்தோஷத்துல ரெண்டு தடவை அளந்து பார்த்தேன். பாப்பா இனிமே வெளியே விளையாடலாம்னு நினைச்சேன். அதுக்கு மேல யோசிக்க எனக்கு மனசு வரலை. பொய் எழுதலை. ஆனா வெளியே வந்து அளக்கவும் இல்லை."

அவர் கையிலிருந்த பேனாவை நீராவியின் முன்னால் வைத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கூட்டம் முழுவதும் பின்னால் போனது. வேலிக் கதவைத் திறந்து, தட்டில் கருவியை வைத்தார். புள்ளி பதினாறு. உரக்கப் படித்தார். பிறகு அதே கருவியை அதே இடுப்புயரத்தில் பிடித்தபடி வெளியே வந்து ஊஞ்சலை நோக்கி நடந்தார். ஐந்தாவது தப்படியில் புள்ளி இருபத்திரண்டு. பத்தாவதில் புள்ளி முப்பத்தொன்று. ஒரு குழந்தை அவரோடு சேர்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கியது. அதன் அம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊஞ்சல் அருகே நின்றார். மருந்துக்கடைக்காரர் தன் கருவியைப் பக்கத்தில் பிடித்தார்.

"புள்ளி நாப்பத்தொன்பது," என்றார் அளவுக்காரர்.

"என்னுது ஐம்பது," என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் ஜெயித்த தொனியே இல்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இந்த மைதானத்தில்தான் விளையாடினார்கள்.

வாசலுக்கு அருகே நீராவி தொலைபேசியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

டிரைவர் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "எல்லாத்தையும் நான்தான் பார்த்தேன். நேத்தே சொல்லியிருந்தா நான் இப்படி அசடு வழிஞ்சிருக்க மாட்டேனே."

"ஊர் மனசுல இருந்ததை யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும்டா. அப்பத்தான் பதில் சொல்ல முடியும். இவங்களுக்கு உன் மேல கோபம் வராது, உன் பஸ்ஸுலதான் போகணும்."

அளவுக்காரர் நோட்டைத் தேடிப் பையைத் துழாவினார். ஒரு கையில் கருவி, பை தோளிலிருந்து நழுவியது. டீச்சர் மகளை இறக்கி விட்டுவிட்டு அவரிடம் போனாள். நோட்டை வாங்கிக்கொண்டாள். புதிய வரியில் தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். அளவு என்ற கட்டத்தில் இரண்டு எண்களையும் எழுதி, எது எங்கே என்றும் குறித்தாள்.

"நிலம்?" என்று கேட்டாள், நிமிராமல்.

அவர் குனிந்து பார்த்தார். செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணின் மேல் சாம்பல் நிற மணல் படிந்திருந்தது.

"காய்ஞ்சிருக்கு," என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.